கருந்துளையும் தக்ளியும்

ஒரு துறையில் விளைந்த முறையியலைத் தூக்கிக்கொண்டு இன்னொரு துறைக்குள் நுழைவது நமக்குப் புதிதல்ல. 1982இல் தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ வந்தபின் சங்கப்பாட்டு, சினிமா, கோயில் சடங்கு என்று எதைக் கண்டாலும் எதிரிணைகளாகப் பிரித்துப்போட்டவர்கள்தானே நாம். இளம் இயற்பியலாளர்களுக்கு இழைக் கோட்பாடு சொல்லித்தருபவர்களிடமும் இந்தக் குரல் கேட்கிறது: கோட்பாடு மெய்ப்படுமா என்பது கிடக்கட்டும், அதன் கருவிகளை எடுத்துக்கொண்டு எந்தத் துறைக்கும் போ.

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அணுக்கருவின் வல்விசையை விளக்க 1968இல் பிறந்த சூத்திரம்தான் 1974 வாக்கில் ஈர்ப்புவிசைக் கோட்பாடாக உருமாறியது. 1997இல் மால்டசேனா, ஈர்ப்புள்ள ஒரு வெளியின் கணக்கை அதன் விளிம்பில் உள்ள, ஈர்ப்பே இல்லாத கோட்பாட்டின் கணக்காக வாசிக்கலாம் என்றார். (விளிம்பு என்றதும் நம்மாட்கள் காதைத் தீட்ட வேண்டாம், இது வேற விளிம்பு.) கருந்துளைமேல் நீண்ட, மெல்லிய அலைகளை எழுப்பினால் ஐன்ஸ்டைன் சமன்பாடு பாய்மச் சமன்பாடாகிறது என்று 2008இல் வந்த கட்டுரை காட்டியது. அதை எழுதிய நால்வரில் சயந்தனி பட்டாச்சார்யா அப்போது மும்பை டாடா நிறுவனத்தின் ஆய்வு மாணவி. இந்த வழியில் பாகுமைக்கும் என்ட்ரோபிக்குமான விகிதம், உரிய அலகில், 1/4π. 2005இல் புரூக்ஹேவன் ஆய்வகம் அறிவித்த குவார்க் திரவம் இதற்குப் பக்கத்தில் வந்துநின்றது.

ஆனால் கணக்கு நடப்பது நம் குவார்க்குகளின் கோட்பாட்டில் அல்ல, மீச்சமச்சீர் கொண்ட அதன் ஒன்றுவிட்ட தங்கச்சியிடம். கருவியை இரண்டு வருஷத்தில் பழகிவிடலாம். எங்கே அது பொருந்தாது என்று தெரிய, போய்ச்சேர்ந்த துறையில் குடியிருக்கணும். சில வாரப் பயிலரங்கில் அது நடக்காது. நமது அமைப்பியல் சறுக்கியதும் இங்கேதான்.

காந்திகிராமத்தை இதனருகே வைத்துப் பார்க்கலாம். 1947இல் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய அங்கே, 1937 வார்தாவின் ஆதாரக் கல்வி வேறொரு பயணத்தைச் சொன்னது: தக்ளியிலிருந்து கணக்கு, பஞ்சிலிருந்து பூகோளம், லங்காஷயரிலிருந்து சரித்திரம். ஒன்றைப் பிடித்து எல்லாவற்றுக்கும் போவது என்கிற ஆசை இரண்டிலும் ஒன்றே. இங்கே பொருள் கையில் இருக்கிறது, அங்கே முறை மட்டும். ஆனால் 1953இல் ராஜாஜி பாதிநாள் பள்ளி, மீதிநாள் அப்பன் தொழில் என்றபோது, அது குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு 1954இல் காமராஜர் காலத்தில் கைவிடப்பட்டது. தறிக்காரர் பிள்ளையைத் தறியிலேயே நில் என்று சொன்ன அதே நாட்டில், வேறு சிலரின் பிள்ளைகளுக்கு மட்டும் எந்தத் துறைக்கும் போகிற பாஸ்போர்ட். துறை தாண்டுவதற்கான உரிமை யாருக்கு என்று முறையியல் பேசுகிறவர்கள் கேட்பதில்லை.

சின்னாளபட்டியிலிருந்து இயற்பியல் படிக்க வருகிற பையனுக்கு இன்றும் டெரிவேஷனை மனப்பாடம் பண்ணு என்பதே பாடம். துறை தாண்டும் வித்தை முனைவர் பட்டத்துக்கு மேலேதான் பரிமாறப்படுகிறது. ஏன், இளங்கலையிலேயே செய்யலாமே. இழைக் கோட்பாட்டின் முதல் பாடம், இழுத்துக் கட்டிய நூலின் அலைச் சமன்பாடு. பாவுநூல் அவன் வீட்டிலேயே இருக்கிறது. முடிச்சு விழுந்த இடத்தில், கஞ்சி காய்ந்த இடத்தில் அந்தச் சமன்பாடு ஏன் தப்புகிறது என்று அவனையே கேட்டுப்பார்க்கலாம்.