பெட்டிக்குள் ஓர் இந்தோளம்

வடபழனியில் ஏவி.எம். பக்கம் ஒரு டீக்கடையில் அடிக்கடி சந்திக்கிற நண்பர், சினிமாவில் வயலின் வாசித்து ஓய்ந்தவர். முப்பது வயலின் வரிசையாக உட்கார்ந்த ரெக்கார்டிங்கையும் பார்த்திருக்கிறார். சிந்தசைசர் வந்து அந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியானதையும் பார்த்திருக்கிறார். கீபோர்டு என்றாலே முகம் சுளிப்பார். "அது வாத்தியமா தம்பி? பெட்டி!"

போன வாரம் எதுவும் சொல்லாமல் என் இயர்போனை அவர் காதில் மாட்டிவிட்டேன்.

பம்பாய்க்காரர் சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டு அது. சிங், இந்திப் பட ஸ்டூடியோக்களில் கிடார் வாசித்தவர். புது வாத்தியம் என்றால் விடமாட்டார். 'தம் மாரோ தம்' பாட்டில் டிரான்சிகார்ட் என்கிற மின்சார அக்கார்டியன் இவருடையதுதான். 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் மூன்று சமாசாரங்களை இணைத்தார். ஜூபிடர்-8 கீபோர்டு, டிஆர்-808 தாளப் பெட்டி, டிபி-303 பேஸ் பெட்டி. பத்து ராகம், டிஸ்கோ தாளம். தபலா கிடையாது. ஹெச்.எம்.வி. வெளியிட்டது. யாரும் சீந்தவில்லை.

2002-ல் எடோ போமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் ஒரு கடையில் இதைக் கண்டெடுத்து, 2010-ல் மறுபடி வெளியிட்டார். மேல்நாட்டு விமர்சகர்கள் துள்ளிக் குதித்தார்கள். 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசையைத் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் 'ஆசிட் டிராக்ஸ்' சிகாகோவிலிருந்து வந்தது 1987-ல். அதிலும் இதே டிபி-303. இந்த மனுஷர் ஐந்து வருஷம் முந்திக்கொண்டுவிட்டார்! இது யாரோ செய்த போலி என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். எழுபது வயதுக்கு மேல் ஐரோப்பிய மேடைகளில் வாசித்துவிட்டு, 2015-ல் சிங் காலமானார்.

பாராட்டில் சந்தோஷம்தான். ஆனால், ஒரு நெருடல். 'எங்கள் இசைக்கு இவர் முன்னோடி' என்கிறார்களே தவிர, அவர் என்ன வாசித்தார் என்று கேட்டவர்கள் குறைவு. மாப்பிள்ளையைப் பார்க்காமல் ஜாதகத்தை மெச்சுகிற கதை.

அவர் வாசித்தது ராகம். 303-ல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக வசதி உண்டு. பியானோவால் முடியாத காரியம். நம் சங்கீதத்துக்கோ அதுதான் உயிர். பேஸ் கிடாருக்குப் பதிலாக அந்தப் பெட்டியை வாங்கியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1984-ல் கம்பெனியே தயாரிப்பை நிறுத்திவிட்டது. சிங்குக்கு அதன் உபயோகம் புரிந்திருந்தது.

குறையும் உண்டு. விடியற்கால லலித்தும் ராத்திரி மால்கௌன்ஸும் ஒரே தாளத்தில் ஓடுகின்றன. பைரவில் இயந்திரக் குரல் 'ஓம் நமசிவாய' சொல்லும்போது சிரிப்பு வருகிறது. ஆலாபனையின் நிதானத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால், மால்கௌன்ஸ்? ரி இல்லை, ப இல்லை; இருப்பது ஐந்தே ஸ்வரம். பெட்டி எத்தனை தரம் சுற்றினாலும் ராகம் கலையவில்லை.

இதையெல்லாம் கேட்டுச் சொல்ல நமக்கு டச்சுக்காரர் வேண்டியிருக்கிறது. எத்தனை இளையராஜா பாட்டில் விஜி மேனுவலின் கீபோர்டைக் கேட்டிருக்கிறோம்! அவர் பேர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? 'மெஷின் மியூசிக்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். சுவிட்சுக்குப் பின்னால் விரல் இருக்கிறது. விரலுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் சாதகம் இருக்கிறது.

நண்பர் கண்ணை மூடிக்கொண்டார். விரல் பெஞ்சில் தாளம் போட ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம் பேச்சில்லை.

"நம்ம இந்தோளம்!" என்றார். பிறகு, "யாரு தம்பி வாசிக்கிறது?"

என்ன பெட்டி என்று கேட்கவில்லை, கவனியுங்கள்.

அன்றைக்கு டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார். வழக்கமில்லை.