உயரும் வண்டி, உயராத அச்சு

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் கல்லூரிக்கு வந்திருந்தார். போடிநாயக்கனூரை அடுத்த மலையில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். தோட்டத்திற்குச் செல்லும் மண்பாதையில் அவருடைய பழைய ஜிப்சி அடிக்கடி கல்லில் இடிக்கிறதாம். வண்டியை மூன்று அங்குலம் உயர்த்தித் தரும் ‘லிப்ட் கிட்’ ஒன்றை வாங்கிப் பொருத்த எண்ணியிருந்தார். அதனுடன் தரப்படும் கையேட்டை என்னிடம் கொடுத்து, “சார், இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். போடலாமா, வேண்டாமா?” என்று கேட்டார்.

அந்த வண்டியில்தான் அவர் நாள்தோறும் கூலியாட்களை ஏற்றிச் செல்கிறார். ஆகவே பன்னிரண்டு பக்கக் கையேட்டை ஒரு தேர்வுத்தாளைத் திருத்துவதுபோல வரிவரியாகப் படித்தேன். அதற்கு நான் இட்ட மதிப்பெண்ணும் அதன் காரணமுமே இக்கட்டுரை.

வண்டியும் வில்லும்

மாருதி ஜிப்சி 1985ஆம் ஆண்டு நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்தது. அப்போது அதன் எஞ்சின் 970 கன செ.மீ. 1996இல் 1298 கன செ.மீ. எஞ்சினுடன் ஜிப்சி கிங் வெளிவந்தது. பொதுமக்களுக்கான விற்பனை 2019இல் நின்றுபோனாலும், மலைப் பகுதிகளில் இன்னும் பல ஓடிக்கொண்டிருக்கின்றன. முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உறுதியான அச்சு. அந்த அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே பட்டைவில். ஒர்க் ஷாப்பில் இதைக் கமான் பட்டை என்பார்கள். மாட்டுவண்டிக்காரருக்கும் பழகிய எளிய அமைப்புதான்.

லிப்ட் கிட் என்பது என்ன? மேலும் வளைந்த பட்டைவில், நீளமான ஷேக்கிள், நீளமான யு-போல்ட், நீளமான ஷாக் அப்சார்பர் ஆகியவை அடங்கிய தொகுதி. இவற்றைப் பொருத்தினால் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள தொலைவு கூடுகிறது. இதுவரை கையேடு சொல்வது சரி.

எது உயர்கிறது?

கையேட்டின் முதற் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது: மூன்று அங்குலம் உயர்த்துங்கள், கற்களைப் பற்றிய கவலையை விடுங்கள் என்று. பிழை இங்கேதான் தொடங்குகிறது.

வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்த பகுதி எது? அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிபரன்ஷியல். அது அச்சோடு சேர்ந்தது. அச்சு சக்கரத்தின் மையத்தில் இருக்கிறது. சக்கரத்தின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது டயரின் ஆரம், வில் அன்று. வில்லை மூன்று அங்குலம் உயர்த்தினால் வில்லுக்கு மேலே உள்ள சட்டமும் உடலும் எஞ்சினும் மனிதர்களும் உயர்வார்கள். டிபரன்ஷியல் ஒரு நூலளவும் உயராது!

ஜிப்சி கிங்கில் வரும் 205/70 ஆர் 15 டயரின் விட்டம் கணக்குப்படி 668 மி.மீ. அதற்குப் பதிலாக 215/75 ஆர் 15 டயரைப் போட்டால் விட்டம் ஏறத்தாழ 703 மி.மீ. ஆகும். வேறுபாட்டில் பாதிதான் அச்சுக்குக் கிடைக்கும். அதாவது 18 மி.மீ. மூன்று அங்குலம் என்பது 76 மி.மீ. அந்த 76இல் டிபரன்ஷியலுக்குக் கிடைப்பது சுழி. டயர் மாற்றினால் மட்டும் 18. கையேடு இந்த வேறுபாட்டை எங்குமே சொல்லவில்லை.

உண்மையான பயன்

அப்படியானால் லிப்ட் கிட்டால் பயனே இல்லையா? அப்படிச் சொல்வதும் அறிவியலாகாது. மேடான இடத்தைத் தாண்டும்போது வண்டியின் வயிறு தட்டுவது உண்டு. முன் சக்கரம் மேட்டைக் கடந்து, பின் சக்கரம் இன்னும் ஏறாத நிலை அது. ஜிப்சியின் இரு அச்சுகளுக்கும் இடையே 2375 மி.மீ. தூரம். வயிறு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், தட்டாமல் கடக்கக்கூடிய மேட்டின் கோணம் ஏறத்தாழ 28 பாகை. 7.5 செ.மீ. உயர்த்தினால் அது 35 பாகையாகிறது. இது நல்ல ஆதாயம். செங்குத்தான கரையில் ஏறும்போது பம்பர் இடிப்பதும் குறையும். பெரிய டயருக்கும் இடம் கிடைக்கும். கையேடு இந்த உண்மையான பயன்களைச் சொல்லியிருந்தாலே போதும். இல்லாத பயனைச் சொல்லியதுதான் குற்றம்.

கொடுக்கும் விலை

இரண்டு தீப்பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் ஒட்டிய பலகை ஒன்றின்மேல் ஒன்றைப் படுக்க வையுங்கள். மற்றதை நிறுத்தி வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்துங்கள். எது முதலில் கவிழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு அதன் அடித்தளத்தை விட்டு வெளியே போனதும் பொருள் சாய்கிறது.

வண்டிக்கும் இதே விதிதான். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே உள்ள அகலத்தை, ஈர்ப்பு மைய உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை நிலைத்தன்மை எண் எனலாம். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை கவிழும் அபாயத்தை மதிப்பிட இந்த எண்ணைப் பயன்படுத்துகிறது. தாழ்வான கார்களுக்கு இது பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை, உயரமான வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை.

ஜிப்சி கிங்கின் சக்கர அகலம் ஏறத்தாழ 130 செ.மீ. ஈர்ப்பு மையம் 60 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நிலைத்தன்மை எண் 1.08, கவிழும் சாய்வு 47 பாகை. வில்லை 7.5 செ.மீ. உயர்த்தினால், அச்சும் சக்கரமும் உயராததால், ஈர்ப்பு மையம் சுமார் 6 செ.மீ. உயரும். பெரிய டயர் இன்னும் 1.8 செ.மீ. சேர்க்கும். இப்போது எண் 0.96, சாய்வு 44 பாகைக்கும் சற்றுக் குறைவு.

மூன்று பாகைதானே என்று தோன்றலாம். 20 பாகை பக்கச் சரிவில் வண்டி போகிறது. மேற்பக்கச் சக்கரம் 25 செ.மீ. உயரமுள்ள கல்லில் ஏறுகிறது. இதனால் மேலும் 11 பாகை சாய்வு. ஆக 31. முன்பு 16 பாகை மிச்சம் இருந்தது. இப்போது 13கூட இல்லை. தாழ்பக்க வில்லும் டயரும் அமுங்கும்போது இன்னும் சில பாகைகள் போய்விடும். பின்னால் ஆறு பேர் உட்கார்ந்தால் ஈர்ப்பு மையம் மேலும் உயரும். அந்த ஆறு பேரின் உயிர் இந்தச் சில பாகைகளில்தான் இருக்கிறது. கையேட்டின் பன்னிரண்டு பக்கங்களிலும் கவிழ்தல் என்ற சொல்லே இல்லை.

ஜிப்சியின் குடும்பத்தைச் சேர்ந்த சாமுராய் என்ற வண்டியை 1988இல் அமெரிக்க நுகர்வோர் இதழ் ஒன்று கவிழும் தன்மை காரணமாக ஏற்கத்தக்கதன்று என்று அறிவித்தது. சுசுகி நிறுவனம் அதை மறுத்து 1996இல் வழக்குத் தொடுத்தது. 2004இல் சமரசத்தில் முடிந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்துக்கே இவ்வளவு விவாதம் எழுந்தது.

ஒரு வரியில் முடிந்தவை

வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை என்று எட்டாம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரிக்குள் மறைந்திருப்பவை பல.

முதலாவது, புரொப்பெல்லர் ஷாப்ட். சட்டம் உயரும்போது ஷாப்டின் சாய்வு கூடுகிறது. அதன் முனைகளில் உள்ள கிராஸ் இணைப்பை இயற்பியலில் ஹூக் இணைப்பு என்கிறோம்; வில்லின் விதியைத் தந்த அதே ஹூக். இந்த இணைப்பு வளைந்து சுழலும்போது வேகம் சீராக இராது. ஒரு சுற்றில் இருமுறை கூடிக் குறையும். வளைவு 10 பாகையாயின் ஏற்ற இறக்கம் ஒன்றரை விழுக்காடு. 20 பாகையாயின் ஆறு விழுக்காடு. கோணம் இருமடங்கானால் அதிர்வு நான்கு மடங்காகிறது.

இரண்டாவது, ஸ்டியரிங். சைக்கிளின் முன் கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரின் முன்சக்கரத் திருப்பு அச்சுக்கும் இத்தகைய சாய்வு உண்டு; அதனால்தான் திருப்பிய ஸ்டியரிங் தானே நேராகிறது. ஷேக்கிள் முன்முனையில் உள்ள வண்டியில் அதை நீட்டினால் இந்தச் சாய்வு குறைகிறது. வண்டி நேர்ச்சாலையிலும் அலையத் தொடங்கும். மேலும், ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலமே உயரும். அச்சு வில்லின் நடுவில் இருப்பதே காரணம்.

மூன்றாவது, வில்லின் விறைப்பு. பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 7 மி.மீ. பட்டை போட்டால் விறைப்பு ஏறத்தாழ அறுபது விழுக்காடு கூடிவிடும். விறைத்த வில்லுள்ள சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். காட்டுப்பாதைக்கென்று செய்த மாற்றம் காட்டுப்பாதையிலேயே பிடிப்பை இழக்கச் செய்யும்.

நான்காவது, பிரேக் குழாய். சட்டத்திலிருந்து அச்சுக்கு வரும் ரப்பர் குழாய் பழைய உயரத்துக்கு அளந்து வெட்டப்பட்டது. சக்கரம் முழுதும் தொங்கும்போது அது இழுபட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சட்டத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதும் திருப்பி, குழாயில் தளர்ச்சி இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்கவே கூடாது. சில நாள் ஓடியபின் யு-போல்ட்டுகளையும் மீண்டும் இறுக்க வேண்டும்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுதல் கூடாது. உச்சநீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது.

இட்ட மதிப்பெண்

பொருத்தும் முறையைப் படங்களுடன் தெளிவாகச் சொன்னதற்குக் கையேட்டுக்கு நல்ல மதிப்பெண் தரலாம். ஏன் பொருத்த வேண்டும், பொருத்தினால் எதை இழப்போம் என்ற கேள்விகளுக்கு அது விடையே எழுதவில்லை. எனவே தேறவில்லை.

மாணவரிடம் நான் ஒன்றுதான் சொன்னேன்: “வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். கீறல் சட்டத்திலும் பம்பரிலும் இருந்தால் மேற்கொண்டு பேசுவோம். டிபரன்ஷியலில் இருந்தால் இந்தக் கிட்டால் பயனில்லை.”

இரண்டு நாள் கழித்துக் கைப்பேசியில் படம் அனுப்பியிருந்தார். கீறல்கள் அனைத்தும் பின் டிபரன்ஷியலில், முன்னதில் ஒன்றிரண்டு. சட்டத்தில் ஒன்றுகூட இல்லை. மறுவாரம் இரண்டு ஆட்களுடனும் கடப்பாரையுடனும் ஒரு பகல் முழுதும் பாதையில் துருத்திய கற்களைப் பெயர்த்து ஓரமாகப் போட்டுவிட்டாராம். வண்டி இடிக்காமல் போகிறது என்று எழுதியிருந்தார். ஆட்கள் பழைய உயரத்திலேயே உட்கார்ந்து போய்வருகிறார்கள்.