பிரிக்காத தட்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காட்டாங்குளத்தூரில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் அலமாரி நிறைய இசைத்தட்டுகள். 'இதைப் பாருங்க சார்' என்று ஒன்றை எடுத்து நீட்டினார். ஏழு அங்குலத் தட்டு. ரத்தச் சிவப்பு. அட்டையின் ஓரத்தில் வரிசை எண் வேறு. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

'போடுங்களேன், கேட்கலாம்' என்றேன்.

'ஐயையோ! பிரிச்சா ரேட் போயிடும். அதோட, எனக்கு இந்த 45 பிடிக்கவே பிடிக்காது. உட்கார்றதுக்குள்ள பாட்டு முடிஞ்சு, மறுபடி எழுந்து போய்த் திருப்பணும்.'

'அப்புறம் ஏன் வாங்கினீங்க?'

'லிமிடெட் எடிஷன் சார்!'

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் பிரிக்காத டின்னர் செட் ஒன்று பரண்மேல் இருக்கும்.

ஒரு காலத்தில் தட்டின் அளவுக்கு ஓர் அர்த்தம் இருந்தது. 1948ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி எல்.பி.யைக் கொண்டுவந்தது, ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். போட்டிக்கு ஆர்.சி.ஏ. மறு வருடமே சின்ன 45ஐ இறக்கியது. நம் ஊரில் சினிமாப் பாட்டு இ.பி. தட்டுகளில் பக்கத்துக்கு ரெண்டு பாட்டு. எல்.பி. வாங்க வசதியில்லாதவர்கள் அதை வாங்கினார்கள். வாங்கினார்கள் என்றால் தேயத் தேயக் கேட்டார்கள்.

இப்போது கதை வேறு. 2008ல் அமெரிக்க ரெக்கார்டு கடைக்காரர்கள் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு நாளை 'ரெக்கார்டு ஸ்டோர் டே' என்று கொண்டாட ஆரம்பித்தார்கள். அன்றைக்கு மட்டும் கிடைக்கிற தட்டுகள்தான் தூண்டில். மூடப் போன கடைகளுக்கு அது உயிர் கொடுத்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கம்பெனிகள் பாடம் படித்துக்கொண்டன. 2022ல் டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'மிட்நைட்ஸ்' நாலு விதமான அட்டையில் வந்தது. நாலையும் வாங்கிச் சேர்த்து வைத்தால் ஒரு கடிகாரம் கிடைக்கும். பாட்டு? நாலிலும் அதேதான். அமெரிக்காவில் வினைல் வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடம் பிளேயரே கிடையாது என்று லூமினேட் என்கிற கம்பெனி கணக்கெடுத்துச் சொன்னது. நான் படித்தது பி.காம். விற்காத சரக்கு கடைக்காரனின் குளோஸிங் ஸ்டாக் என்று சொல்லிக்கொடுத்தார்கள். விற்ற பிறகும் குளோஸிங் ஸ்டாக்காகவே இருக்கும் சரக்கைப் பற்றிச் சொல்லித்தரவில்லை.

இதில் நானும் யோக்கியன் இல்லை. வசனத் தட்டு எனக்கு ஆகவே ஆகாது. கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் வழியாகத் 'திருவிளையாடல்' கதை வசனத்தை வருஷா வருஷம் கேட்டுக் காது புளித்தவன். ஆனாலும் அந்தத் தட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஏன் வாங்கினேன் என்று மனைவி கேட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நண்பரின் அலமாரியில் அடித்தட்டில், செய்தித்தாளில் சுற்றிய சில தட்டுகள் இருந்தன. தாத்தா காலத்து 78கள். வினைல் அல்ல, அரக்கு. கீழே போட்டால் அப்பளம்தான். ஒரு பக்கம் மூணு நிமிடம், பாதி நேரம் மழை பெய்கிற மாதிரி இரைச்சல். 'இதுவும் எனக்குப் பிடிக்காது. தாத்தாவோடதுன்னு வச்சிருக்கேன்' என்றார்.

ஒன்றைப் பிரித்தேன். எஸ்.ஜி.கிட்டப்பா!

கிட்டப்பா 1933ல் இறந்தபோது வயது 27. பேசும்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. நாடகக் கொட்டகைகளைக் கட்டிப்போட்ட அந்தக் குரலில் நமக்கு மிஞ்சியது இந்த அரக்குத் தட்டுகளில் பதிந்தது மட்டும்தான். இங்கே 'எனக்கு இந்த வடிவம் பிடிக்காது' என்ற பேச்சுக்கே இடமில்லை. வேறு வடிவம் இருந்தால்தானே? வரிசை எண் போடாமல், லிமிடெட் எடிஷன் என்று அச்சடிக்காமல், கரையானும் கைதவறலும் சேர்ந்து அரிதாக்கிய தட்டு.

இணையத்தில்தான் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் தன் தட்டைத் துடைத்து, ஓடவிட்டு, பதிந்து வைத்ததால் கிடைக்கிறது. எல்லாத் தட்டுக்கும் அப்படி ஓர் ஆள் அமைந்திருப்பார் என்று என்ன நிச்சயம்?

நண்பரின் பிளேயரில் 78 வேகத்துக்குப் பட்டன் இருக்கிறது. ஊசிதான் இல்லை. பழைய தட்டின் பள்ளம் அகலம், அதற்குத் தடித்த ஊசி வேண்டும். எல்.பி. ஊசியைப் போட்டால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் வாசிக்கும். 'அடுத்த சிவப்புத் தட்டுக்கு வச்சிருக்கிற பணத்துல ஊசி வாங்குங்க' என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

அடித்தட்டில் இருந்தவை மொத்தம் 11. ஒன்றில் லேபிள் கிழிந்துபோய், பாடியது யார் என்றே தெரியவில்லை. ஊசி ஆர்டர் பண்ணியாச்சு என்று நேற்று போன் செய்தார். வந்ததும் முதலில் அதைத்தான் போடப் போகிறோம்.

சிவப்புத் தட்டு? இன்னும் பிரிக்கவில்லையாம்.