நடப்படாத காடு

2007ஆம் ஆண்டில் வத்திக்கானுக்கு ஒரு காடு காணிக்கையாக அளிக்கப்பட்டது. ஹங்கேரி நாட்டில் மரங்கள் நடப்படும். வத்திக்கான் அவ்வாண்டு வெளியிடும் கரியமில வாயுவுக்கு அவை ஈடு செய்யும் என்றது ஒரு நிறுவனம். கர்தினால் ஒருவர் சான்றிதழையும் பெற்றுக்கொண்டார். ஏடுகள் பாராட்டின. 2010இல் ஓர் அமெரிக்க இதழ் விசாரித்தபோதோ, ஒரு மரமும் நடப்படவில்லை என்பது வெளியாயிற்று.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 மே 24 அன்று கையொப்பமிட்ட 'இறைவா, உமக்கே புகழ்' திருமடலின் 171ஆம் எண்ணை வாசிக்கும்போதெல்லாம் இக்காடு நம் நினைவுக்கு வருகிறது. கரிம வரவுகளை, அதாவது கார்பன் கிரெடிட்டுகளை, வாங்கி விற்கும் முறை புதியதொரு ஊக வணிகமாக மாறக்கூடும்; சிலர் தம் மிகை நுகர்வைத் தொடர்வதற்கு அது ஒரு சாக்காகிவிடும் என்பது அவ்வெண்ணின் கருத்து. கரியமில வாயுவுக்கு விலை வைப்பதே சிறந்த வழி என்று நெடுங்காலமாய் வாதிட்டுவரும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் வில்லியம் நார்தாஸ், அதே ஆண்டு அக்டோபரில் எழுதிய மதிப்புரையில் இதனைக் குறை கூறினார். 2018இல் நோபல் பரிசு பெற்ற அவரது குரலை எளிதில் ஒதுக்க இயலாது.

திருமடல் பாதி சரி என்பது நம் கருத்து. ஒப்புரவு அருட்சாதனத்தில் பரிகாரம் உண்டு. ஆனால் மனத்துயரும், இனிப் பாவம் செய்வதில்லை என்னும் உறுதியுமின்றிப் பரிகாரத்தால் மட்டும் பயனில்லை. கூலிக்கு ஆளமர்த்தி நமக்காக நோன்பிருக்கச் செய்வதை எந்தக் குருவும் ஏற்கமாட்டார். பேறுபலன்களைப் பணத்தோடு பிணைத்த கேட்டினை ஒழிக்கத் திரிதெந்து சங்கம் 1563இல் ஆணையிட நேர்ந்ததே! ஹங்கேரிக் காடு இவ்வகைப் பரிகாரமே.

ஆனால் கரிம வணிகம் என்ற பெயரில் வேறொன்றும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தொடங்கிய திட்டத்தில், மின் நிலையங்களும் ஆலைகளும் மொத்தத்தில் இவ்வளவே வெளியிடலாம் என உச்சவரம்பு விதிக்கப்படுகிறது. அதற்கான உரிமங்களில் மிச்சம் பிடித்தவர் விற்கலாம். தொடக்கத்தில் உரிமங்களை இலவசமாக அள்ளி வழங்கியதால், 2007இல் அவற்றின் விலை ஏறத்தாழச் சுழியமாயிற்று. திருமடல் அஞ்சியது போன்ற கேலிக்கூத்துதான். 2013 முதல் வரம்பு ஆண்டுதோறும் தாழ்த்தப்பட்டது. 2023இல் அத்துறைகளின் வெளியீடு 2005இல் இருந்ததைவிட ஏறத்தாழ 47 விழுக்காடு குறைந்திருந்தது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் மலிவானதற்கும் இதில் பங்குண்டு. எனினும் சொந்தப் புகைபோக்கியில் குறைப்பதும், அயல்நாட்டு மரத்தைக் காட்டிப் புகைத்துக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல. திருமடல் இவ்விரண்டையும் பிரித்துப் பேசாதது குறையே.

மறுபுறம், நார்தாஸ் வழியில் வாதிடுவோர் முந்திய 170ஆம் எண்ணையும் சேர்த்து வாசித்தல் வேண்டும். செல்வ நாடுகளுக்கு இணையான சுமையை ஏழை நாடுகள் மீதும் ஏற்றிவிடும் அநீதியையே அது கருதுகிறது. விலை வைப்பது எளிது. விலையை யார் கொடுப்பது என்பதே கேள்வி.

211ஆம் எண் அன்றாட வாழ்வுக்கு வருகிறது. வீட்டைச் சூடேற்றுவதைக் குறைத்துக் கம்பளி ஆடை அணிவதை அங்கே எடுத்துக்காட்டாகக் காண்கிறோம். (மே மாதத்தில் நம் அன்பியக் கூட்டங்களில் இதனை வாசித்தால் சிரிப்பொலியே எழும்.) மேலும் செலவழிக்க வசதியிருந்தும் அவ்வாறு செய்பவரைப் பற்றியே அது பேசுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாமோ, ஒரே மின்விசிறி சுழலும் வீட்டாரிடம் சிக்கனத்தைப் போதித்துவிட்டு, ஆலயத்துக்குக் குளிர்சாதனம் பொருத்த நன்கொடை கேட்கிறோம். 55ஆம் எண் குளிர்சாதனங்களைப் பெயர் சொல்லியே கடிந்துகொள்கிறது!

துபாய் மாநாட்டுக்கு முன், 2023 அக்டோபர் 4 அன்று வெளியான 'இறைவனைப் போற்றுங்கள்' ஏடு நம் குறையை ஒருவாறு தீர்க்கிறது. எரிசக்தி மாற்றத்துக்கான உடன்பாடு பயன் தருவதாக, கட்டாயமானதாக, எளிதில் கண்காணிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று அதன் 59ஆம் எண் கேட்கிறது. ஹங்கேரிக் காடு இம்மூன்றிலும் தோற்கும். இறுகிய உச்சவரம்பு தேறக்கூடும். இவ்வளவுகோல் 171ஆம் எண்ணிலேயே இடம்பெற்றிருந்தால் வாதம் வேறு திசையில் சென்றிருக்கும்.

2024 ஜூன் 21 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மற்றோர் ஆணை பிறப்பித்தார். உரோமைக்கு வெளியே, வத்திக்கான் வானொலியின் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கும் சாந்தா மரியா தி கலேரியாவில், வேளாண்மையோடு இணைந்த சூரிய மின் நிலையம் ஒன்று அமைய வேண்டும். வத்திக்கான் நகரின் மின்தேவை முழுவதையும் அது நிறைவு செய்ய வேண்டும் என்பது அவ்வாணை. இம்முறை அளந்து பார்க்க ஒரு மின்மானி இருக்கும்.