சலிப்புக்குத் துணிவென்று பெயர்!

அஞ்சா நெஞ்சர் நாம் என்று மார்தட்டிக் கொள்கிறது நாடு. பெருந்தொற்றை வென்றுவிட்டோமாம்! முகக்கவசத்தைக் கழற்றி மூலையில் எறிந்தோம், கூடினோம், குலவினோம், "கொரோனாவா? அது எந்தக் காலத்துக் கதை?" என்று கேட்டுக் கைகொட்டிச் சிரிக்கவும் கற்றுக்கொண்டோம். மகிழ்ச்சி. ஆனால் அறிவுடையோர் முன் ஓர் ஐயத்தை வைக்க விரும்புகிறேன். அச்சம் இருந்த இடத்தில் அறிவு வந்து அமர்ந்ததா? அல்லது, அமர்ந்து அமர்ந்து கால் மரத்துப்போன அச்சம், தானே எழுந்து போயிற்றா?

இந்த ஐயத்தை எழுப்பியவர் எவரோ பெரும் பேராசிரியர் அல்லர். என் வகுப்புப் பிள்ளைகள்! ஒன்பதாம் வகுப்பினர்க்குக் 'கொரோனாக் காலம்' என்று தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னேன். 2020-இல் அவர்கள் எட்டு, ஒன்பது வயதுச் சிறுவர். ஏடுகளைத் திருத்த அமர்ந்தேன். பள்ளிக்கு விடுமுறை, கைப்பேசியில் விளையாட்டு, தேர்வின்றித் தேர்ச்சி, பாட்டி வீட்டு மாமரம். ஏட்டுக்கு ஏடு இதே பாட்டு! பிள்ளைகளைக் குறை கூறுவானேன்? பெரியவர்கள் வீட்டில் எதைப் பேசவில்லையோ அதைப் பிள்ளைகள் எழுதவில்லை. நான்தான் யோக்கியனா? அப்போது நான் கல்லூரி மாணவன். நிலுவைத் தாள்களெல்லாம் தேர்ச்சி என்று 2020 ஆகஸ்டில் அறிவிப்பு வந்ததும், நன்றிச் சுவரொட்டி ஒட்டக் கிளம்பிய கூட்டத்தில் என் நண்பர்களும் இருந்தனர். நோயைப்பற்றி அன்று எங்கள் கருத்தைக் கேட்டிருந்தால், நன்றியுணர்வு என்றுதான் பதில் சொல்லியிருப்போம்!

ஒரே ஓர் ஏடு மட்டும் வேறு கதை சொல்லிற்று. அதைப் பின்னர்க் கூறுகிறேன். அந்த ஏடுதான் என்னைப் பழைய ஆங்கில நூலொன்றிடம் துரத்திற்று.

டானியல் டீபோ என்றால் 'இராபின்சன் குரூசோ' நினைவுக்கு வரும்; எனக்கும் அதுதான் பாடம். அவர் 1722-இல் 'பிளேக் ஆண்டின் நாட்குறிப்பு' என்றொரு நூலும் எழுதினார். இலண்டன் மாநகரைப் பிளேக் நோய் சூறையாடியது 1665-இல். அப்போது டீபோவுக்கு ஏறத்தாழ ஐந்து வயது. எனினும், நேரில் நின்று கண்டவன் கூறுவதுபோல், சேணம் விற்கும் வணிகன் ஒருவன் வாயிலாகக் கதையை நடத்துகிறார். அவனுக்குப் பெயர்கூட இல்லை, இரண்டு முதலெழுத்துகள் மட்டுமே. அண்ணன் ஊரைவிட்டு ஓடு என்கிறான், இவன் தங்கிவிடுகிறான். 1720-இல் பிரெஞ்சு நாட்டு மார்செய் துறைமுகத்தில் பிளேக் புகுந்ததும் இலண்டன் மீண்டும் நடுங்கிற்று. அந்த நடுக்கத்தில் பிறந்த நூல் இது. அத்தியாயம் இல்லை, ஒழுங்கு இல்லை, சொன்னதையே சொல்லும், விட்ட இடத்தை மறந்துவிட்டு வேறிடத்தில் தொடரும். கதையா வரலாறா என்று புலவர்கள் வழக்காடட்டும். நமக்கு வேண்டுவது அவன் கண்ட மக்கள்.

என்னே அந்த மக்கள்! தொடக்கத்தில் மறைக்கிறார்கள். வாரந்தோறும் வெளியாகும் சாவுக் கணக்கில் பிளேக் சாவு குறைவாகவும், வேறு காய்ச்சல்களால் மாண்டோர் தொகை விந்தையாக உயர்ந்தும் இருக்கிறது. நோய் என்று தெரிந்தால் அண்டை வீட்டார் அண்டமாட்டார், அதிகாரிகள் வீட்டைப் பூட்டிக் கதவில் சிவப்புச் சிலுவை தீட்டிக் காவலாளை நிறுத்துவர். அதற்கு அஞ்சிப் பிணத்தின் நோயையே மாற்றி எழுத வைக்கின்றனர். அடுத்து, தாயத்து விற்பவன், தப்பாத மாத்திரை விற்பவன், சோதிடன் ஆகியோர் காட்டில் மழை!

படித்தபோது முந்நூற்றைம்பது ஆண்டு மறைந்துவிட்டது. நாமும் 2020-இல் நோயாளி வீட்டு வாயிலில் தகரம் அடித்தோமே! அவ்வாண்டு ஏப்ரலில், தொற்றால் மாண்ட மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் புதைக்கவிடாமல் கல்லெறிந்து விரட்டினரே! மார்ச் 22-இல் மருத்துவர்க்காகக் கைதட்டிய நாடு, ஒரு திங்கள் கழியுமுன் மருத்துவரின் பிணத்தின்மீது கல்லெறிந்தது. சாவுக் கணக்கும் அப்படியே. 2020 ஜூலையில், விடுபட்டுப்போன சாவுகள் 444 என்று தமிழ்நாட்டுக் கணக்கில் ஒரே நாளில் சேர்க்க வேண்டியதாயிற்று.

நூலின் உயிர் இவற்றில் இல்லை. கடைசிப் பகுதியில் இருக்கிறது. சாவுக் கணக்கு இறங்கத் தொடங்குகிறது. அந்தத் தாள் கைக்கு வந்ததுதான் தாமதம், மக்கள் தெருவிலே பாய்கின்றனர்! கடை திறக்கின்றனர், யாரோடும் தோளுரசிப் பேசுகின்றனர், நோயுற்றவன் அறைக்குள்ளும் போய் அமர்கின்றனர். நோய் இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை. தொற்றினாலும் இப்போது முன்போல் கொல்வதில்லை என்பதே அவர்கள் கண்டது. 'வெறும் காய்ச்சல்தானே' என்றொரு புது வேதம் பிறக்கிறது. மருத்துவர்கள் எச்சரிக்கைத் தாள் அச்சிட்டு ஊரெங்கும் வழங்குகின்றனர். கேட்பாரில்லை. கணக்கு மீண்டும் ஏறுகிறது.

2021-இன் தொடக்கத்தை எண்ணிப் பாருங்கள். முதல் அலை தணிந்திருந்தது. சனவரி 16-இல் தடுப்பூசி வந்தது. ஓராண்டாக எதற்காகத் தவம் கிடந்தோமோ அது வந்தது, ஆனால் முகாம்களில் கூட்டம் இல்லை! தேர்தல் களத்தில் கூட்டம் இருந்தது. எந்தக் கட்சி மேடையின் முன்னும் முகக்கவசத்தைத் தேட வேண்டியிருந்தது. கட்சி பார்த்துக் குறை சொல்ல வழியே இல்லை. ஏப்ரல் 15-இல் நடிகர் விவேக், மக்களின் தயக்கம் நீங்கட்டும் என்று தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் நாள் மறைந்தார். ஊசிக்கும் அந்தச் சாவுக்கும் தொடர்பில்லை என்று பின்னர் ஆய்ந்த வல்லுநர் குழு கூறிற்று. ஆனால் வல்லுநர் வாய் திறப்பதற்குள் வதந்தி ஊர் சுற்றி வந்துவிட்டது. நோய்க்கு அஞ்சியவர்கள் மருந்துக்கு அஞ்சினர். அச்சம் சாகவில்லை, வீடு மாறிற்று, அவ்வளவே! மே 21-இல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. முன்பு வெறிச்சோடிக் கிடந்த முகாம்களின் வாயிலில் இப்போது விடியுமுன் வரிசை, ஊசியோ போதவில்லை.

பிறகு காட்சி மறுபடி மாறிற்று. செப்டம்பர் 12-இல் நடந்த முதல் மாபெரும் முகாமில் ஒரே நாளில் 28 இலட்சத்துக்கு மேல் ஊசி போட்டது இந்த மாநிலம். பெருமைதான். ஆனால் அடுத்த மாதமே ஞாயிற்றுக்கிழமை முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. காரணம் என்ன தெரியுமா? ஊசி போட்டுக்கொண்டால் கறி உண்ணலாகாது, குடிக்கலாகாது என்று எவனோ சொன்னதை நம்பி, ஞாயிற்றுக்கிழமையை இழக்க மனமில்லாமல் பலர் வரவில்லை! சாவுக்கும் கறிக்குழம்புக்கும் இடையே தராசு பிடித்தனர், குழம்பு கனத்தது. 2022 சனவரியில் ஓமிக்ரான் வந்தபோது, வெறும் சளிதானே என்றோம். இலண்டன் மக்களின் வேதம் நம் வாயில்! பெரும்பாலோர்க்கு அது சளியாகவே முடிந்தது உண்மை. முன்பு பட்ட நோயும் போட்ட ஊசியும் காத்தன. அந்தக் காரணத்தை அறிந்து துணிந்தவர் எத்தனை பேர்? ஊசிக்கு நன்றி கூறியவரைவிட, "நமக்கெல்லாம் ஒன்றும் ஆகாது" என்றவரே மிகுதி.

இதற்கிடையில் தெய்வத்துக்கும் வேலை கொடுத்தோம். கோவைப் பகுதியில் பழைய பிளேக் காலத்தின் நினைவாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உண்டு. 2021 மே மாதத்தில் கோவையை அடுத்த இருகூரில் 'கொரோனா தேவி'க்கும் கற்சிலை நாட்டினர். மக்கள் மூச்சுக்காற்றுக்குத் திண்டாடும் வேளையில் நோய்க்கே அபிடேகம்! சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆனால் படித்த நாம் மட்டும் என்ன செய்தோம்? பால் உறையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். காற்றில் பரவும் நோய்க்குச் சன்னலைத் திறக்க மறந்தோம். மூக்கை வெளியே விட்டுவிட்டு முகவாயை மூடினோம். ஏன் என்று கேளாமல் செய்தவை அத்தனையும் சடங்குதான். ஏன் என்று கேளாமல் தொடங்கியதால்தான் ஏன் என்று கேளாமலே விட்டோம். முன்னர், பேருந்தில் ஒருவன் இருமினால் ஊரே முறைத்தது. இன்று இருமுகிறவன் வாயைப் பொத்துவதுமில்லை, பக்கத்திலிருப்பவன் முகத்தைத் திருப்புவதுமில்லை. இடையில் எதைக் கற்றோம்?

டீபோவிடம் எனக்கொரு வழக்கு உண்டு. அச்சம் நீங்கிய மக்களை அவர் கண்டிக்கிறார்: கண்மூடித் துணிவு, நன்றி மறந்த கூட்டம் என்கிறார். நோய் நீங்கியதை ஆண்டவன் அருளின் கணக்கில் எழுதி முடிக்கிறார். போகட்டும், அவர் காலம் அப்படி. ஆனால் அதே நூலின் நடுவே வேறொரு துணிவைத் தாமே காட்டியிருக்கிறாரே! இலண்டனின் ஏழைகள், செல்வர் ஓடிப்போன ஊரில், பூட்டிய வீடுகளுக்குக் காவல் நின்றார்கள், நோயாளிக்குப் பணிவிடை செய்தார்கள், பிணவண்டி இழுத்தார்கள். முரட்டுத் துணிவு என்று அதற்கும் பெயர் சூட்டுகிறார். வேறு பிழைப்பில்லாததால்தான் சென்றனர் என்றும் ஒப்புகிறார். இந்த இரண்டு துணிவுகளையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வேறொரு கேள்வி எழுந்திருக்கும். வீட்டிலிருந்து சலித்துப்போய் வெளியே வந்தவன் ஒருவன். சலிக்கவும் அஞ்சவும் ஒரு நாள்கூட வசதியில்லாமல் முதல் நாளிலிருந்தே வெளியே நின்றவன் ஒருவன். இருவரையும் ஒரே சொல்லால் அழைக்கலாமா? முன்னவன் சலிப்பைத் துணிவென்று பாடுகிறோம். பின்னவன் துணிவைப் பாட ஆளில்லை. அவனுடைய பசிக்கு அதுதான் பெயர் என்று விட்டுவிடுகிறோம்.

இப்போது அந்த ஏடு.

எழுதிய சிறுமிக்கு அப்போது பத்து வயது. 2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு. கடைகள் மூடின, காய்கறி தெருத்தெருவாக வண்டியில் வந்தது. அப்பா வண்டி தள்ளினார் என்று தொடங்குகிறாள். எந்தத் தெருவில் பணத்தை வாளியில் போட்டு மாடியிலிருந்து இறக்கினார்கள், எந்த வீட்டில் தக்காளியைத் தொடாதே என்று அதட்டினார்கள், எந்த வீட்டுப் பாட்டி மோர் கொடுத்தாள் - எல்லாம் எழுதியிருக்கிறாள். பத்தாம் நாள் காய்ச்சல். சோதனைக்குப் போனால் வண்டி ஓடாது, வண்டி ஓடாவிட்டால் அடுப்பு எரியாது. மூன்று நாள் மாத்திரையோடு தள்ளினார். நான்காம் நாள் இரவு வீட்டிலேயே மூச்சு நின்றது. மருத்துவர் எழுதித் தந்த தாளில் மாரடைப்பு. சோதனைச் சீட்டு இல்லை. ஆகவே கொரோனாச் சாவுக்கென அரசு பின்னர் அளித்த 50,000 ரூபாயும் இல்லை. அப்பா எதனால் இறந்தார் என்று கேட்டால் என்ன எழுதுவது ஐயா, என்று ஏட்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் கேட்டிருக்கிறாள்.

தமிழ்நாட்டுக் கணக்கில் கொரோனாவால் மாண்டவர் 38 ஆயிரத்துக்கு மேல். அவர் அதில் இல்லை. 2021 இறுதிவரை இந்தியாவில் ஏறத்தாழ 4 இலட்சத்து 81 ஆயிரம் சாவு என்றது அரசு. நேராகவும் சுற்றி வளைத்தும் இத்தொற்றால் நேர்ந்த சாவு 47 இலட்சம் இருக்கும் என்று 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது உலகச் சுகாதார நிறுவனம். முறை தவறு என்று அரசு மறுத்தது. எது சரி என்பதில் வாதம் இருக்கலாம். ஆனால் நாட்டின் பிறப்பு இறப்புப் பதிவு விவரம் இருக்கிறதே! 2020-இல் பதிவான சாவு ஏறத்தாழ 81 இலட்சம், 2021-இல் 102 இலட்சம். இந்த 2021-ஆம் ஆண்டுக் கணக்கு வெளிவந்தது 2025 மே மாதத்தில். ஓராண்டில் இருபது இலட்சத்துக்கு மேல் கூடுதலாகச் செத்திருக்கிறார்கள்; தேநீர்க் கடையில்கூட ஒரு வாதம் நடக்கவில்லை. 2020-இல் நாள்தோறும் மாலையில் தொலைக்காட்சி முன் அமர்ந்து மாவட்ட வாரியாக எண்ணிக் கொண்டிருந்தவர்கள் நாம்தாம்! நோய்க்கான நெருக்கடி நிலை முடிந்தது என்று அந்த உலக நிறுவனம் 2023 மே 5-ஆம் நாள் அறிவித்ததும் அப்படித்தான் போயிற்று.

இலண்டன் கணக்கும் பொய்த்தது. 1665-இல் ஏடுகள் காட்டிய பிளேக் சாவு 68,596. டீபோ அதை நம்பவில்லை, இலட்சம் என்றார். நம்பாததோடு நிற்கவுமில்லை. நூலின் ஓரிடத்தில், பிணங்களை மொத்தமாகப் புதைத்த குழிகள் எங்கெங்கே இருந்தன என்று இடம் இடமாக எழுதிக்கொண்டே போகிறார்: இந்தச் சந்தின் முனை, அந்தத் தெருவின் கோடி, பின்னாளில் வீடு கட்டத் தோண்டியபோது எலும்பு வந்த மனை. கதைக்கு அது தேவையில்லை. முதல் முறை படித்தபோது நான் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். இந்த முறை நிறுத்திப் படித்தேன்.

அந்தச் சிறுமியும் தெருப் பெயர்களை வரிசையாக எழுதியிருக்கிறாள். வண்டி கடைசியாக நின்ற மூலையையும், அங்கே இப்போது கைப்பேசிக் கடை இருப்பதையும். டீபோவை அவள் படித்ததில்லை.