பாடியவர் யார்?

1990-களின் ஐரோப்பிய நடனப் பாடல்களில் ‘தி ரிதம் ஆஃப் தி நைட்’ அளவுக்கு நீண்ட ஆயுள் வாய்த்தவை குறைவு. 1993 இறுதியில் இத்தாலியில் வெளியானது. மறு ஆண்டு பிரிட்டன் தரவரிசையில் 2-ஆம் இடம்வரை ஏறியது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 11-ஆம் இடம்வரை போனது. பாடியது ‘கொரோனா’ என்று போட்டிருந்தார்கள். ஆனால் அப்படி ஒரு பாடகி இல்லை. பிரான்செஸ்கோ பொந்தெம்பி என்ற இத்தாலியத் தயாரிப்பாளர் தன் ஸ்டூடியோ முயற்சிக்கு வைத்த பெயர் அது. காணொளியில் ஆடியவர் பிரேசிலைச் சேர்ந்த ஓல்கா சோசா. குரல் கொடுத்தவர், ஜென்னி பி என்ற பெயரில் பாடிவந்த ஜொவான்னா பெர்சோலா.

ஒருவர் பாட இன்னொருவர் வாயசைப்பது அன்றைய இத்தாலிய நடன இசையில் சகஜம். இரவல் குரல் நமக்கும் புதிதில்லை. டி.எம்.சௌந்தரராஜன் குரலுக்கு எம்.ஜி.ஆரும் சிவாஜியும் வாயசைத்தபோது யாரும் ஏமாறவில்லை. பாடுவது யார் என்று ஊருக்கே தெரியும். ஆகவே இரவல் குரலை மட்டும் வைத்து இந்த வழக்கத்தை மோசடி என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் தொழில் நியாயம் இருந்தது. பாட்டுக்கு எந்தக் குரல் பொருந்துமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். மேடையை யார் நிறைப்பாரோ அவரை மேடையேற்றலாம். இரண்டும் ஒரே ஆளிடம் அமைய வேண்டும் என்று கட்டாயமில்லை. சோசாவை ஒட்டவைத்த முகம் என்று இளக்காரமாகப் பேசுவதையும் நான் ஏற்கமாட்டேன். கொரோனா என்ற பெயரை இத்தனை ஆண்டுகள் மேடையில் சுமந்தவர் அவர்தான்.

பாட்டைக் கவனித்துக் கேட்டால், குரல் எவ்வளவு முக்கியம் என்பது புரியும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 128 அடிகள், ஒவ்வோர் அடிக்கும் ஒரு கிக் டிரம், மேலே சின்தசைசர். அன்று இதே அச்சில் எண்ணற்ற பாடல்கள் வந்துபோயின. அவற்றிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது பல்லவியைப் பிடிக்கும் அந்தப் பெண்குரல்தான். தாளம் கொண்டாடச் சொல்கிறது. குரலோ எதற்கோ ஏங்குகிறது.

அந்த ஏக்கத்தைச் சரியாகக் காதில் வாங்கியவர் பிரெஞ்சு இயக்குநர் கிளேர் டெனி. 1999-இல் வந்த அவருடைய ‘போ த்ராவாய்’, ஜிபூட்டியில் முகாமிட்டிருக்கும் பிரெஞ்சு அயல்நாட்டுப் படைவீரர்களைப் பற்றியது. பொறாமையால் தன் பதவியையே இழந்த கலூ என்ற அதிகாரி, கடைசியில் கைத்துப்பாக்கியோடு கட்டிலில் படுக்கிறார். அவர் புஜத்து நரம்பு ஒன்று துடிக்கிறது. படம் அங்கிருந்து கண்ணாடிச் சுவர் கொண்ட நடனக்கூடத்துக்குத் தாவ, இந்தப் பாட்டு எழுகிறது. கறுப்பு உடையில் தனியே நிற்கும், கலூவாக நடித்த டெனி லவான் சிகரெட் பிடிக்கிறார், ஓர் அடி வைத்து நிறுத்துகிறார், திடீரென்று சுழல்கிறார், தரையில் விழுந்து உருள்கிறார். படம் முழுக்க இறுகிக் கிடந்த உடல் அங்கே கட்டவிழ்கிறது. மலிவான டிஸ்கோ சரக்கு என்று விமர்சகர்கள் தள்ளிவிடக்கூடிய ஒரு பாட்டு, உலக சினிமாவின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்றைத் தாங்கி நிற்கிறது. 2013-இல் பாஸ்டில் குழு இதை இன்னொரு பழைய நடனப் பாடலோடு இணைத்துப் பாடியதும், 2019-இல் பிளாக் ஐட் பீஸ் குழு ஜே பால்வினோடு சேர்ந்து ‘ரித்மோ’வில் இதை எடுத்தாண்டதும் வணிகரீதியில் பெரிய வெற்றிகள். இயக்குநர் டெனி கேட்ட அளவுக்கு அவை இதைக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி குறை. இந்த இரவல் குரல் வழக்கம் பாடியவரின் பெயரை மறைத்தது. அந்த மறைப்பில் லாபம் பார்த்தது. 1990-இல் ‘பிளாக் பாக்ஸ்’ என்ற இத்தாலியக் குழுவின் ஆல்பத்தில் பெரும்பாலான பாடல்களைப் பாடியவர் அமெரிக்கப் பாடகி மார்த்தா வாஷ். பருத்த உடல்வாகு கொண்ட அவர் பாட, காணொளியில் வாயசைத்தவர் ஒல்லியான மாடல் கத்ரின் கினோல். வாஷ் வழக்குத் தொடுத்தார். பாடியவருக்குப் பெயர் போடும் பழக்கம் அமெரிக்க இசைத்துறையில் வலுப்பட்டதற்கு அவருடைய போராட்டம் ஒரு முக்கியக் காரணம். அதற்குப் பிறகும்தான் இத்தாலியில் ஜென்னி பி பெயரில்லாமல் பாடினார்.

கலைக்கும் இதில் நட்டம் உண்டு. அடுத்து வந்த ‘பேபி பேபி’யும் கொரோனா பெயரில்தான் வந்தது, பாடியவர் சாண்ட்ரா சேம்பர்ஸ் என்ற வேறொருவர். ஒரு பாடகி ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு எப்படி வளர்கிறார் என்று ரசிகர் பின்தொடர வழியே இல்லை. தனக்கென்று ஒரு ரசிகர் கூட்டத்தைச் சேர்த்துக்கொள்ளப் பாடியவருக்கும் வழியில்லை.

எனக்கு ஆறாதது இன்னொன்று. இந்தப் பாட்டின் பல்லவி, ‘சே வென்’ என்ற குழு 1987-இல் வெளியிட்ட ‘சேவ் மீ’ பாடலிலிருந்து வந்தது. அதை எழுதிய இருவரையும் சேர்த்து மொத்தம் 5 பேர் இதன் ஆசிரியர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள். மெட்டைக் கடன் வாங்கினால் சட்டம் கேள்வி கேட்கும் என்று தயாரிப்பாளர்களுக்குத் தெரியும். கணக்கைச் சரியாக வைத்தார்கள். குரலை வாங்கியதற்குத்தான் பெயர் போடவில்லை. ஜென்னி பி 2000-இல் சான்ரெமோ இசை விழாவின் புதுமுகப் பிரிவில் தன் மேடைப்பெயரிலேயே பாடி முதல் பரிசு வென்றார். அவர் குரல் ஐரோப்பிய நடனக்கூடங்களில் ஒலிக்கத் தொடங்கி ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்பே அவரைப் ‘புதுமுகம்’ என்று மேடையேற்றினார்கள்.