மந்திரம் யாருக்கு மறக்கிறது?
ஒரு விளையாட்டின் விதிகளை முன்வைத்து

மந்திரத்துக்கு விதி எழுதுவது சுலபம் என்றுதான் நினைத்திருந்தேன். மந்திரமே பொய், பொய்க்கு என்ன பெரிய விதி என்கிற பகுத்தறிவு மமதை. போன கோடையில் திருவரங்குளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு விளையாட்டை உருவாக்கப் பார்த்தபோது அந்த மமதை உடைந்தது. அதிலிருந்து கிடைத்த சில யோசனைகளையே இங்கே முன்வைக்கிறேன்.

விளையாட்டைக் கொண்டுவந்தவன் இஞ்சினியரிங் படிக்கும் என் அக்கா மகன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்க வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று வாயால் சொல்வார்கள். பலிக்கிறதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதன் மூலப்பிரதி. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது அந்நியமானது அல்ல. புதுக்கோட்டைச் சீமையின் ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகை இல்லாமல் இரவில் மேடையில்தான் சந்திக்கிறார்கள். கதை தெரிந்த கதை. வள்ளியும் நாரதரும் பண்ணும் தர்க்கம் அன்றைக்குப் பிறப்பது. பகடை மட்டும்தான் அங்கே இல்லை.

இவ்வகை ஆட்டங்களில் மந்திரத்துக்குத் தனி விதித்தொகுப்பு உண்டு. கைகாக்ஸ் தன் விதியை ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரிடமிருந்து எடுத்துக்கொண்டார். வான்ஸின் 'டையிங் எர்த்' (1950) கதைகளில் மந்திரவாதி மந்திரத்தை மனசில் ஏற்றிக்கொள்கிறான். சொன்னதும் அது மறந்துபோகிறது. திரும்ப ஏற்றினால்தான் உண்டு. மூளை ஒரு பாத்திரம், மந்திரம் அதில் ஊற்றும் சரக்கு. 1974 விதியில் முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரே ஒரு மந்திரம்தான் கொள்ளும். 1987இல் வந்த 'ஆர்ஸ் மாஜிகா' வேறு வழியில் போனது. ஐந்து வினைகள் (படைத்தல், அறிதல், மாற்றுதல், அழித்தல், ஆளுதல்), பத்துப் பொருள்வகைகள். இரண்டையும் சேர்த்து ஐம்பது சேர்க்கைகளில் மந்திரத்தை ஒரு மொழிபோலப் பேசலாம். ஒன்றில் மந்திரம் கையிருப்பு, மற்றதில் இலக்கணம். இரண்டிலும் தடை நடுநிலையானது. எவன் படித்தாலும் மறக்கும், எவன் பேசினாலும் இலக்கணம் ஒன்றுதான்.

அக்கா மகன் நம் ஊர்ச் சரக்கில் ஒன்று செய்யலாம் என்றான். பகடைக்குத் தாயக்கட்டை. பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகமுள்ள இரண்டு கட்டைகள், மொத்தம் 16 விழுச்சிகள். இரண்டும் பூஜ்யமானால் பன்னிரண்டு. அது 16இல் ஒருமுறை. தாயம் 16இல் இரண்டுமுறை. சின்ன மந்திரத்துக்கு நாலும் அதற்கு மேலும் போதும், 16இல் ஏழு. பிரம்மாஸ்திரத்துக்குப் பன்னிரண்டு விழ வேண்டும். ஒரே மாலையில் கணக்கு முடிந்துபோனது.

சிக்கல் கர்ணனிடம் வந்தது.

'வான்ஸ் எழுதுறதுக்கு ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே மந்திரம் மறக்கிற கதை நம்மகிட்ட இருக்கு மாமா' என்று அவன் குதித்தான். உண்மைதான். பரசுராமர் அந்தணருக்கு மட்டுமே அஸ்திரம் கற்பிப்பவர். கர்ணன் தன்னை அந்தணன் என்று சொல்லிச் சேர்கிறான். தொடையை வண்டு துளைத்து ரத்தம் வழிந்தும் குருவின் உறக்கம் கலையாமலிருக்க அசையாமல் இருக்கிறான். அந்தப் பொறுமையே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. வேண்டிய நேரத்தில் மந்திரம் மறந்துபோகும் என்பது சாபம். அக்கா மகன் இதை அப்படியே விதியாக எழுதினான்: 'உரிய பிறப்பு இல்லாதவர் அஸ்திரம் எய்தால், நெருக்கடியில் தாயம் விழாவிட்டால் மறக்கும்.'

வேடன் பாத்திரம் எடுத்திருந்த பக்கத்துத் தெருப் பையன், பத்தாவது முடித்தவன், கேட்டான்: 'மத்தவங்களுக்கு மறக்காதா?'

மறக்காது. விதி அப்படித்தான் சொல்கிறது. திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வான்ஸின் மந்திரவாதி மறப்பது மூளையின் கொள்ளளவால். கர்ணன் மறப்பது பிறப்பால். முன்னது இயற்கைபோல வரும் வரம்பு, பின்னது தண்டனை. பொய் சொன்னதற்குத்தான் சாபம் என்று சொல்லக்கூடும். அந்தப் பொய்யைச் சொல்லவைத்த வாசல் எது, அதைப் பூட்டியவர் யார் என்ற கேள்வி அந்தப் பதிலில் காணாமல் போகிறது. ஏகலைவனின் கட்டைவிரலும் இவ்வகைதான். விளையாட்டு வடிவமைப்பாளர்கள் மந்திரத்துக்கு ஒரு விலை வேண்டும் என்பார்கள். நம் இதிகாசத்தில் விலை நிறையவே இருக்கிறது, கட்டுபவன் பெரும்பாலும் கீழே நிற்பவன். இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் ஒரே ஒருமுறைதான் பயன்படும். அதை அர்ச்சுனன்மேல் விழாமல் செலவழிக்க வைக்க, இரவில் மாயை பெருகும் அரக்கி மகன் கடோத்கசன் முன்னே அனுப்பப்படுகிறான். அவன் விழுந்ததும் கண்ணன் மகிழ்கிறான். எதிரியின் கையிருப்பைத் தீர்ப்பது நல்ல ஆட்டத் தந்திரம். அந்தத் தந்திரத்துக்குக் காய் யார் என்பதை எந்த விதிப்புத்தகமும் கேட்பதில்லை.

இது நமக்கு மட்டுமான நோய் இல்லை. அந்த அமெரிக்க ஆட்டத்திலேயே பாத்திரத்தின் பிறப்புவகையை 'ரேஸ்' என்றே பல பதிப்புகள் குறித்துவந்தன. 2024 பதிப்பில்தான் 'ஸ்பீஷீஸ்' என்று மாற்றினார்கள். பெயரை மாற்றினால் போதுமா என்பது வேறு விவாதம்.

எங்களுக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. சாபத்தை எடுத்துவிடலாம். எடுத்தால் எல்லாருக்கும் வாசல் திறந்திருந்த ஒரு பொய்யான பழங்காலம் கிடைக்கும், ஆட்டமும் சப்பென்று இருக்கும். அல்லது வைத்துக்கொள்ளலாம். வைத்தால் கட்டையை உருட்டும் ஒவ்வொரு முறையும் பரசுராமரின் வேலையை நாங்கள் செய்கிறோம். 'விளையாட்டைக் கெடுக்கறீங்க மாமா, தடை இல்லாம ஆட்டம் ஏது?' என்றான் அக்கா மகன். அவன் சொன்னது சரி. என் பிரச்சனை தடை எந்தப் பக்கத்தில் எழுதப்படுகிறது என்பதுதான்.

ஆகவே பக்கங்களைப் பிரித்தோம். முதல் பக்கத்தில் மந்திரம் என்ன செய்யும், என்ன விழ வேண்டும். அது எல்லாருக்கும் ஒன்று. இரண்டாம் பக்கத்தில் அதை யார் தடுக்கிறார்: அவர் பெயர், இருப்பிடம், அவருக்கு என்ன பயம். 'உரிய பிறப்பு வேண்டும்' என்பது முதல் பக்கத்திலிருந்து இரண்டாம் பக்கத்துக்கு வந்தது. இயற்கை விதியாக இருந்தது ஒரு ஆளின் ஆணையாக மாறியது. ஆணையோடு வாதாடலாம், ஒளிந்து கேட்கலாம், வேறு குரு தேடலாம், தோற்கவும் தோற்கலாம். மாற்றம் இவ்வளவுதான். ஆனால் ஆட்டம் முழுக்க வேறாகிவிட்டது.

சோதித்துப் பார்க்க ஊர்க் கதையையே எடுத்தோம். பொற்பனைக் கதை பலவிதமாகச் சொல்லப்படுவது. என் அப்பத்தா சொன்னபடி, ஒரு வேடனுக்குப் பொன்னாலான பனம்பழம் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. அவன் அதை ஒரு வணிகனிடம் கொடுத்துத் தவசம் வாங்கிப் போகிறான். பிறகு ராசாவுக்குத் தெரிந்து, பொன் கோயிலாகிறது. அரங்குளநாதர் கோயில் இன்றும் இருக்கிறது. பொற்பனைக்கோட்டை என்று பக்கத்தில் ஊரே இருக்கிறது. அங்கே 2023 அகழாய்வில் தங்க மூக்குத்தி ஒன்று கிடைத்தபோது ஊரில் இந்தக் கதையைத்தான் திரும்பப் பேசினார்கள். அப்பத்தாவின் கதையில் வணிகனுக்கு லாபம் உண்டு, ராசாவுக்குப் புண்ணியம் உண்டு. வேடன் பாதியிலேயே காணாமல் போகிறான். பழத்தின் மந்திரம் அவன் கையில், பழத்தின் விலை இன்னொருவன் கையில்.

நான்தான் கதை நடத்தினேன், வணிகனும் நானே. முதல் நாள் பழத்துக்கு ஒரு மரக்கால் வரகு என்று விலை எழுதினேன். எழுதிய இடம் முதல் பக்கம். அது எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் பையன் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீட்டாமல் உட்கார்ந்திருந்தான். 'ஒரு மரக்கால்னு யார் வச்சது?'

'விதியில இருக்குப்பா.'

'எந்தப் பக்கத்துல?'

அக்கா மகன் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். பென்சிலை வாங்கி அந்த வரியை அடித்தேன். இரண்டாம் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். தடுப்பவர் பெயர் என்ற இடத்தில் வணிகன் என்று போடுவதா, என் பெயரைப் போடுவதா என்று தெரியவில்லை.

பையன் தாயக்கட்டையை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டிருந்தான். 'எழுதி முடிங்க சார், விலையை நான் சொல்றேன்' என்றான்.